காய்ச்சல் விட்ட பிறகு நெஞ்சுவலியா? 'ஹார்ட் செக்கப் பேக்கேஜ்' வாங்குமுன் வாசிக்க வேண்டிய மதிப்பீடு

அட்டன், நுவரெலியா, பண்டாரவளை, பதுளை என்று மலைநாட்டின் எந்த டவுனில் இறங்கினாலும் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு தனியார் லேப் இருக்கும். வாசலில் சிவப்பு இதயம் போட்ட பேனர் தொங்கும்: ஹார்ட் செக்கப் பேக்கேஜ். பெயரும் விலையும் இடத்துக்கு இடம் மாறும், உள்ளே இருக்கும் சாமான் பெரும்பாலும் ஒன்றுதான். வெறுவயிற்றுச் சீனி, கொலஸ்ட்ரோல், முழு இரத்த எண்ணிக்கை, ஈஎஸ்ஆர் (அழற்சியைக் காட்டும் இரத்தப் படிவு வேகம்), கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கு), ஈரல் என்சைம், சிறுநீர், ஓர் ஈசிஜி. கூடக் கொஞ்சம் கட்டினால் எக்கோ, அதாவது இதயத்தின் ஸ்கேன். அதற்கும் மேல் கட்டினால் ட்ரெட்மில்லில் நடக்கவிட்டு எடுக்கும் ஈசிஜி. கடைசியில் ஐந்து நிமிடம் ஒரு வைத்தியரைப் பார்க்கலாம்.

நாற்பத்தைந்து தாண்டியவர், சீனியோ பிரஷரோ உள்ளவர், சிகரட் பிடிப்பவர், வீட்டில் யாருக்காவது மாரடைப்பு வந்தவர் என்றால் இந்தப் பேக்கேஜுக்கு 5க்கு 3½ தரலாம். ஆனால் போன வாரம் காய்ச்சலில் படுத்து எழும்பிய 22 வயதுப் பையன், இந்த வாரம் லயத்துப் (தோட்ட வரிசை வீட்டுப்) படி ஏறவே மூச்சு வாங்குகிறது என்று வந்து நின்றால், அவனுக்கு இது 5க்கு 1. அந்த ஒன்றும் ஈசிஜிக்காகத்தான்.

இந்தப் பட்டியல் இதயக் குழாயில் கொழுப்பு அடைக்கிறதா என்று பார்ப்பதற்காகச் சேர்த்தது. அந்தப் பையனுக்கு வந்திருக்கக்கூடியது இதயத் தசையின் அழற்சி, மயோகார்டைட்டிஸ். குழாய் சுத்தமாக இருக்கும், தசை வீங்கிக் கிடக்கும். கவுண்டரில் இருக்கும் பிள்ளை, "சாப்பிடாமதானே வந்தீங்க?" என்று மறக்காமல் கேட்பார். "ரெண்டு மூணு கிழமைக்குள்ள காய்ச்சல் வந்திச்சா?" என்று கேட்பதில்லை. பேக்கேஜின் முதல் குறை அந்தக் கேள்வி இல்லாததுதான்.

எதனால் வருகிறது, இந்த மலையில்

உலகம் முழுவதும் முதலிடம் வைரஸுக்குத்தான். கொக்ஸாக்கி பி, அடினோ, பார்வோ பி19, எச்எச்வி-6, இன்புளுவென்சா, கொவிட். சாதாரணத் தடிமன் காய்ச்சல் போலவோ வயிற்றோட்டம் போலவோ வந்து போகும். ஒன்றிலிருந்து மூன்று கிழமைக்குள் இதயத்தில் தெரியும். வைரஸ் தசைக்குள் புகுந்து கெடுப்பது ஒரு பங்கு. அதைத் துரத்த வந்த நோயெதிர்ப்பு அணுக்கள் அளவு மீறித் தசையையும் சேர்த்துக் கடிப்பது இன்னொரு பங்கு. காய்ச்சல் விட்ட பிறகு நோய் தலைகாட்டுவதற்கு இந்த இரண்டாவது பங்குதான் பெரும்பாலும் காரணம்.

இங்கே அந்தப் பட்டியலோடு இன்னும் மூன்றைச் சேர்த்தாக வேண்டும். டெங்கு முதலாவது. இலங்கையில் 2017 இல் மட்டும் 1,86,000 பேருக்கு மேல் பதிவானார்கள். கண்டி, மாத்தளைப் பக்கம் அது ஆண்டுதோறும் வந்து போகும் விருந்தாளி. டெங்கு இதயத் தசையைத் தொடும். அநேகமாக இலேசாக, சிலருக்குக் கடுமையாக. குணமாகி வரும் நாட்களில் நாடி 50க்கு இறங்குவது டெங்கில் அடிக்கடி காண்பது, பெரும்பாலும் தானாகச் சரியாகும். நாடி வேகமாகவே நின்று, கை கால் சில்லிட்டு, பிரஷரும் இறங்கினால் அது வேறு கதை. இரண்டாவது எலிக்காய்ச்சல். வயல், கான், சேற்று வேலை செய்தவருக்குக் கண் சிவந்து, கெண்டைக்கால் தசை தொடமுடியாமல் வலித்து, பிறகு நெஞ்சு படபடத்தால் இதயத்தையும் பார்க்காமல் விடக்கூடாது. மூன்றாவதை நகரத்து வைத்தியர்களே சிலவேளை மறப்பார்கள்: உண்ணி, தெள்ளு, சிற்றுண்ணி பரப்பும் ரிக்கெட்சியாக் காய்ச்சல்கள். மத்திய மலைநாட்டில் இவை நன்கு அறியப்பட்டவை. காடோரம், பற்றைக்காடு, ஆடு மாடு, நாய் என்று பழக்கம் இருந்து, ஒரு கிழமை தாண்டியும் காய்ச்சல் விடாமல், உடம்பில் தடிப்போ ஒரு கருஞ்சிரங்கோ இருந்தால் டொக்சிசைக்ளின் தொடங்கவேண்டிய நோய் இது. எலிக்காய்ச்சலும் ரிக்கெட்சியாவும் அன்டிபயோட்டிக்குக்குக் கேட்கும் என்பதால் இந்த இரண்டையும் தவறவிடுவது மிகப் பெரிய நட்டம்.

கிருமி அல்லாத காரணங்களும் உண்டு. மனநல கிளினிக்கில் க்ளோஸபின் தொடங்கிய முதல் நான்கு கிழமை, சில புற்றுநோய் எதிர்ப்பு மருந்துகள், லூபஸ், சார்கொய்டோசிஸ். கொழுந்து மலையில் குளவி கொட்டினவர்களையும் இங்கே நினைக்க வேண்டும். (பல தடவை குளவி என்று சொல்லப்படுவது உண்மையில் மலைத்தேனீ.) நூற்றுக்கணக்கில் கொட்டு வாங்கினவருக்கு அலர்ஜி அதிர்ச்சி தணிந்த பிறகும் நெஞ்சுவலி இருந்தால் ஈசிஜி, ட்ரோபோனின் (இதயத் தசை உடைவதைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) இரண்டும் கட்டாயம். விஷம் இதயக் குழாயைச் சுருக்கலாம், தசையையும் நேரே தாக்கலாம்.

கொவிட் தடுப்பூசியைக் காரணம் காட்டுவது இன்றும் கேட்கிற பேச்சு. எம்ஆர்என்ஏ வகை ஊசிக்குப் பிறகு, அதிலும் இளம் ஆண்களுக்கு, அதிகமாக இரண்டாவது டோஸுக்குப் பின், மிகச் சிலருக்கு இது வந்தது உண்மை. வந்தது சில நாட்களுக்குள், அநேகமாக இலேசாகக் கடந்தும் போனது. இலங்கையில் பெரும்பாலானோர் முதல் இரண்டு தடவை போட்டது சைனோஃபார்ம், அது அந்த வகையே அல்ல. ஆண்டுக்கணக்கில் முன்பு போட்ட ஊசியை இன்றைய நெஞ்சுவலிக்குக் காரணமாக்கினால் போன வாரக் காய்ச்சல் கணக்கிலிருந்து நழுவிவிடும்.

இரத்தப் பரிசோதனைகள்: இருப்பவையும் இல்லாததும்

சீனி, சிறுநீர், கிரியேட்டினின் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எடுத்தால் நட்டமில்லை, இந்த நோயைக் காட்டாது.

கொலஸ்ட்ரோல் அப்படியல்ல. காய்ச்சலும் அழற்சியும் உள்ளபோது எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரோல் தற்காலிகமாக இறங்கிவிடும். அந்த நேரத்தில் எடுத்த ரிப்போர்ட்டில் எல்லாம் அழகாக இருக்கும், "கொலஸ்ட்ரோல் நார்மல், இதயத்துக்கு ஒன்றுமில்லை" என்று வீட்டுக்குப் போவார்கள். அது இரண்டு விதத்தில் பொய். அவருடைய உண்மையான கொலஸ்ட்ரோல் அது அல்ல. உண்மையாகவே இருந்தாலும் தசை அழற்சிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

ஈஎஸ்ஆர் இந்த மலையில் வாசிக்கக் கஷ்டமான எண். இரத்தசோகை இருந்தாலே ஏறும், தோட்டப் பெண்களிடையே இரத்தசோகை சாதாரணம். பரிசோதனைக் குழாய் சற்றுச் சரிந்து நின்றாலும் ஏறும். லேப் அறை குளிரில் கிடந்தால் இறங்கும். நுவரெலியாவில் ஜனவரிக் காலையில் ஹீட்டர் இல்லாத அறையில் எடுத்த ஈஎஸ்ஆரை வைத்து எதையும் முடிவு கட்டவேண்டாம். அதற்குப் பதில் சிஆர்பி என்ற இரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள். அதுகூட அழற்சி இருக்கிறது என்றுதான் சொல்லும், எங்கே என்று சொல்லாது.

ஈரல் என்சைம் இரண்டில் எஸ்ஜிஓடி இதயத் தசையிலும் இருக்கிறது, எலும்புத் தசையிலும் இருக்கிறது. டெங்கில் ஈரலாலேயே ஏறும். சிகே, சிகே-எம்பி என்ற தசை என்சைம்களைச் சேர்த்துத் தரும் பேக்கேஜ்களும் உண்டு. முந்தின நாள் பாரம் சுமந்தவர், பின்புறத்தில் ஊசி போட்டுக்கொண்டவர் எல்லாருக்கும் சிகே ஏறும். சுமை தூக்கிப் பிழைக்கிறவரிடம் அந்த எண்ணுக்கு மதிப்புக் குறைவு.

வேண்டியது ட்ரோபோனின். அடிப்படைப் பேக்கேஜ்களில் அது அநேகமாக இருக்காது, தனியே கேட்டுத்தான் செய்யவேண்டும். இதயத் தசை அணு உடைந்தால் இரத்தத்தில் கசியும் புரதம் இது, எலும்புத் தசைக் குழப்பம் இதில் மிகக் குறைவு. ஆனால் கேட்டு வாங்கும்போது நான்கு இடத்தில் பிழை வரும்.

முதலாவது, கார்டா இயந்திரமா? கர்ப்பப் பரிசோதனை மாதிரி ஒரு பிளாஸ்டிக் கார்டில் மூன்று சொட்டு இரத்தம் விட்டு, கோடு விழுந்தால் 'பொசிட்டிவ்' என்பது ஒரு வகை. இலேசான ஏற்றத்தை அது பிடிக்காது. எண்ணாகத் தருகிற இயந்திரப் பரிசோதனை, அதிலும் உயர் உணர்திறன் வகை கிடைத்தால் அதுவே சரி. இரண்டாவது, அலகு. ஒரு லேப் 0.04 என்று மில்லிலீற்றருக்கு நனோகிராமில் எழுதும். இன்னொன்று அதையே 40 என்று லீற்றருக்கு நனோகிராமில் எழுதும். இரண்டும் ஒன்றுதான், இடையில் ஆயிரம் மடங்கு. நேற்று 0.04, இன்று 40 என்று பார்த்துப் பயந்து ஓடுவதும் நடக்கும், 140க்குச் சமமான 0.14ஐச் சின்ன எண் என்று நினைத்து வாளாவிருப்பதும் நடக்கும். மூன்றாவது, ட்ரோபோனின் டீயும் ட்ரோபோனின் ஐயும் வெவ்வேறு. டீ ஒரு லேப்பிலும் ஐ இன்னொரு லேப்பிலும் எடுத்து ஏறியதா இறங்கியதா என்று பார்க்க முடியாது. ஒரே லேப், ஒரே வகை. நான்காவது, ஒரு தடவை போதாது. உயர் உணர்திறன் வகையென்றால் மூன்று மணி நேரத்தில், பழைய வகையென்றால் ஆறு மணி நேரத்தில் மறுபடி எடுக்கவேண்டும். மாரடைப்பில் மளமளவென்று ஏறி இறங்கும். தசை அழற்சியில் பல நாள் ஏறினபடியே மெல்ல நகரும். இரண்டும் ஒன்றை ஒன்று போல நடிப்பதும் உண்டு.

மாதிரியைக் கொழும்புக்கு அனுப்பி நாளைக்கு ரிப்போர்ட் தருகிறோம் என்று சொல்லும் இடத்தில் ட்ரோபோனினுக்குக் காசு கொடுக்காதீர்கள். நாளைக்குத் தெரிந்து பயனில்லாத பரிசோதனை அது. ஒன்றையும் சேர்த்து நினைவில் வைக்கவேண்டும்: நோய் தொடங்கிச் சில கிழமை கழித்து வருகிறவருக்கு ட்ரோபோனின் சாதாரணமாகவே இருக்கலாம். இதயம் அதற்குள் தளர்ந்திருக்கும். ட்ரோபோனின் சரி என்பதால் நோய் இல்லை என்று ஆகாது.

ஈசிஜி: பேக்கேஜின் உருப்படியான பகுதி

இதற்குத்தான் அந்த ஒரு மதிப்பெண். பத்து ஒட்டு, பன்னிரண்டு கோணம், பத்து நிமிட வேலை. ஒழுங்காக எடுத்தால் இந்த நோயில் நிறையச் சொல்லும். காய்ச்சல் இல்லாமலே 110, 120 என்று ஓடும் நாடி. பல கோணங்களில் பரவலாக உயர்ந்து நிற்கும் எஸ்டி என்ற கோட்டுப் பகுதி. தலைகீழான டீ அலைகள். மேலறைக்கும் கீழறைக்கும் இடையில் செய்தி தடைப்படும் 'புளொக்'. கியூஆர்எஸ் என்ற கூரான அலை 120 மில்லிசெக்கனுக்கு மேல் அகன்றிருந்தால் அது நல்ல சகுனம் அல்ல. தாளில் அது மூன்று சிறு கட்டம், ஒரு சிறு கட்டம் 0.04 செக்கன்.

ஒழுங்காக எடுத்தால் என்பதுதான் சிக்கல். 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் மேல்சட்டையைக் கழற்றிவிட்டு ரெக்சின் கட்டிலில் படுக்கச் சொன்னால் யாருக்கும் உடம்பு நடுங்கும். அந்த நடுக்கம் தாளில் பொடிப் பொடியாகப் பற்கள் போல விழும். எஸ்டி உயர்ந்திருக்கிறதா என்று அதில் ஒருவராலும் சொல்ல முடியாது. போர்வை கேளுங்கள், இரண்டு நிமிடம் போர்த்திப் படுத்துவிட்டுப் பிறகு எடுக்கச் சொல்லுங்கள். குளிரில் காய்ந்த தோலில் ஒட்டு பிடிக்காது, ஜெல் வேண்டும். மார்பில் முதல் இரண்டு ஒட்டும் நான்காவது விலா இடைவெளியில், நெஞ்செலும்பின் இரு பக்கமும் வரவேண்டும். அவசரத்தில் கழுத்தெலும்புக்குக் கிட்டப் போட்டுவிடுவார்கள், இல்லாத நோயெல்லாம் தாளில் தெரியும். பெண்களுக்கு மற்ற ஒட்டுகள் மார்பகத்தின் கீழ் போகவேண்டும். கூச்சத்தில் துணியை நகர்த்தாமல் மேலே தள்ளி ஒட்டுவதால் அலைகள் சிறுத்துப்போகும். பெண் ஊழியர் எடுக்கும் நேரத்தைக் கேட்டுப் போவது இதற்காகவும்தான். கை வயர் இரண்டும் மாறிப்போனால் முதலாம் கோணத்தில் எல்லாமே தலைகீழாக விழும். மாறியது வயரா இதயமா என்று பார்க்காமல் கையில் தந்துவிடுவார்கள்.

தாளின் மேல் மூலையில் இயந்திரமே அச்சடிக்கும் 'நார்மல் ஈசிஜி' என்ற வரியை நம்பவேண்டாம். அது நாடி, இடைவெளி எல்லாம் நன்றாக அளக்கும், அர்த்தம் சொல்வதில் சறுக்கும். வைத்தியர் கண்ணால் பார்த்துக் கையெழுத்து வைத்த தாளே தாள். ஒரு தாள் சாதாரணமாக இருந்தாலும், வலி தொடர்ந்தால் சில மணி நேரத்தில் இன்னொன்று எடுக்கவேண்டும். பழைய தாளைத் தூக்கி எறியாமல் கிளினிக் கொப்பிக்குள் வையுங்கள். வெப்பத் தாள் என்றால் போட்டோ எடுத்தும் வையுங்கள், சில மாதத்தில் எழுத்து மங்கிவிடும்.

விரலில் மாட்டும் ஒக்சிமீற்றர் பற்றியும் ஒரு வார்த்தை. கொழுந்து பறிக்கும் விரலில் தேயிலைக் கறை கறுப்பாய் ஏறியிருக்கும், குளிரில் விரலும் விறைத்திருக்கும். 88 என்று காட்டினால் உடனே பதறாமல், கையைத் தேய்த்துச் சூடாக்கிக் கறை இல்லாத விரலிலோ காதுச் சோணையிலோ மறுபடி பாருங்கள். இந்த உயரத்தில் ஓரிரு புள்ளி குறைந்திருப்பது இயல்பு. தேய்த்துச் சூடாக்கியும் 92க்குக் கீழே நின்றால் அது கறை அல்ல.

ட்ரெட்மில்: வேண்டவே வேண்டாம்

பேக்கேஜிலேயே விலை கூடின சாமான் இதுதான். இந்த நோயாளிக்கு ஆபத்தானதும் இதுவே. தசையில் அழற்சி கொழுந்துவிட்டிருக்கும்போது கடும் உடலுழைப்புக் கொடுத்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகி அங்கேயே விழலாம். தசை அழற்சி இருக்கிறது என்ற சந்தேகம் உள்ளபோது உழைப்பு ஈசிஜி செய்யக்கூடாது என்பது உலகமெங்கும் ஒப்புக்கொண்ட விதி. செய்யக்கூடாதவர்கள் பட்டியலில் புதிய மாரடைப்பு, கடும் வால்வுச் சுருக்கம் ஆகியவற்றோடு இதுவும் சேர்ந்தே இருக்கிறது.

வழக்கமான புரூஸ் முறையில் மூன்று நிமிடத்துக்கு ஒருதரம் வேகமும் ஏற்றமும் கூடும். மணிக்கு 2.7 கிலோமீற்றர், 10 வீத ஏற்றத்தில் தொடங்கி, ஏழாவது நிமிடத்தில் 5.5 கிலோமீற்றர், 14 வீத ஏற்றம். இதையே லயத்திலிருந்து ரோட்டுக்கு ஏறிப் பழகினவர்கள் "இவ்வளவுதானா" என்பார்கள். நோயுள்ள நாளில் லயத்திலிருந்து ரோட்டுக்கு ஏறுவதும் அதே பரிசோதனைதான் என்பதை வீட்டில் உள்ளவர்கள் யோசிக்கவேண்டும். நடக்கவைத்துக் கூட்டிப்போகாதீர்கள், த்ரீவீலர் வாசல்வரை வராவிட்டால் கதிரையில் வைத்துத் தூக்குங்கள்.

ஆகவே ஃபுல் பேக்கேஜ் எடுத்தால் டிஸ்கவுண்ட் என்று கவுண்டரில் சொன்னால், காய்ச்சல் வந்து மூன்று மாதத்துக்குள் நெஞ்சு நோவோ மூச்சு வாங்கலோ உள்ளவர் அந்தச் சலுகையை ஏற்கவேண்டாம்.

எக்கோவும் அதற்கு மேலும்

காசை ஒன்றில் போடுவதென்றால் எக்கோவில் போடுங்கள். யார் எடுக்கிறார் என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். இதய வைத்தியரோ பயிற்சி பெற்ற எக்கோ தொழில்நுட்பவியலாளரோ எடுக்கவேண்டும். ரிப்போர்ட்டில் இஎஃப் என்று ஒரு வீதம் இருக்கும்: இடது கீழறை ஒரு துடிப்பில் வெளியே தள்ளும் பங்கு. 55 வீதத்துக்கு மேல் சாதாரணம், 40க்குக் கீழ் தளர்ச்சி தெளிவு. அந்த எண்ணோடு நின்றுவிடாதீர்கள். கீழறை விரிந்திருக்கிறதா, சுவர் வீங்கித் தடித்திருக்கிறதா, எல்லாப் பக்கமும் ஒன்றாகச் சுருங்குகிறதா, இதய உறைக்குள் நீர் உண்டா, வலது பக்கம் எப்படி, உள்ளே இரத்தம் கட்டியாக உறைந்திருக்கிறதா என்பதும் எழுதப்பட்டிருக்கவேண்டும். மின்னல் வேகத்தில் வரும் கடும் வகையில் இதயம் விரியக்கூட நேரம் இருக்காது. அளவு சாதாரணமாக, சுவர் தடித்து, சுருங்குவது மட்டும் படுமோசமாக இருக்கும். "இதயம் பெரிதாகவில்லை" என்ற வரி அங்கே ஆறுதல் தரக்கூடாது. நோய் இலேசாக இருந்தால் எக்கோ முழுக்கச் சாதாரணமாகவும் வரும்.

உறுதியாகச் சொல்வது இதய எம்ஆர்ஐ. தசையில் நீர்வீக்கம், தழும்பு இரண்டையும் காட்டும். வாசிக்கும் அளவுகோல் 2009 இல் வகுத்து 2018 இல் திருத்திய லேக் லூயிஸ் விதிகள். எம்ஆர்ஐ இயந்திரம் இருக்கிற இடமெல்லாம் இதய எம்ஆர்ஐ எடுக்காது, துடிப்போடு ஒத்திசைத்துப் படம் பிடிக்கும் வசதியும் வாசிக்கத் தெரிந்தவரும் வேண்டும். தசையிலிருந்தே துணுக்கெடுத்துப் பார்க்கும் பயொப்சி கடைசி ஆயுதம். நாளுக்கு நாள் மோசமாகிறவருக்கும், துடிப்பு புளொக் ஆகிறவருக்கும்தான். பெருஅணு வகை (அரிதான, கடுமையான ஒரு வகை) என்று அதில் தெரிந்தால் ஸ்டெரொயிட் முதலான மருந்துகள் உயிர் காக்கும். சாதாரண வைரஸ் வகைக்கு அவற்றைக் கண்மூடித்தனமாகக் கொடுப்பதில் பலன் இல்லை.

அந்த ஐந்து நிமிட ஆலோசனை

இங்கே லேப்பை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. பார்மசியிலும் இதே கதை. நெஞ்சு எரிகிறது என்றால் கெஸ்ட்ரிக் மாத்திரை, உடம்பு நோவுக்கு டைக்ளோஃபெனாக், களைப்புக்கு ஒரு போத்தல் சேலைன். மூன்றில் கடைசி இரண்டும் இங்கே கெடுதல். டைக்ளோஃபெனாக் வகை நோமாத்திரைகள் தளர்ந்த இதயத்தில் உப்பையும் நீரையும் தேக்கும். காரணம் டெங்கு என்றால் இரத்தக்கசிவுக்கும், எலிக்காய்ச்சல் என்றால் சிறுநீரகத்துக்கும் சேர்த்து ஆபத்து. காய்ச்சலுக்கும் நோவுக்கும் பெனடோல் போதும், அதுவும் அளவோடு. சேலைன் ஏற்றினால் தெம்பு வரும் என்பது மலையகத்தில் ஊறிப்போன நம்பிக்கை. பம்ப் பழுதான கிணற்றுக்கு மேலும் தண்ணீர் ஊற்றுவது போல, தள்ளமுடியாத இதயத்துக்கு மேலும் நீர் கொடுத்தால் அது நுரையீரலில்தான் நிற்கும்.

பிள்ளைகளிடம் இது இன்னும் கபடமானது. நெஞ்சுவலி என்று சொல்லமாட்டார்கள். சாப்பிட மறுப்பார்கள், வாந்தி எடுப்பார்கள், வயிறு நோகுது என்பார்கள், மூச்சு வேகமாக இருக்கும். கெஸ்ட்ரிக் என்றும் வீசிங் என்றும் பெயர் வைத்து நெபுலைஸ் பண்ணிக்கொண்டிருப்பார்கள். வீட்டிலேயே செய்யக்கூடிய ஒன்று: காய்ச்சல் இல்லாத நேரம், நன்றாகத் தூங்கும்போது நாடியை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். காய்ச்சல் ஒரு பாகை செல்சியஸ் கூடினால் நாடி ஏறத்தாழ பத்துக் கூடுவது வழக்கம். காய்ச்சலே இல்லாமல், தூங்கும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு 140 ஓடினால் அது லேப்புக்குப் போகும் நோய் அல்ல, நேரே ஆஸ்பத்திரிக்குப் போகும் நோய். கண்டிப் பக்கத்தவருக்குப் பேராதனைச் சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது.

இதற்குப் பதிலாக

மயங்கி விழுந்தவர், படுத்தால் மூச்சு முட்டுகிறவர், உதடு நீலமானவர், நெஞ்சுவலியோடு வியர்க்கிறவர் எந்தப் பேக்கேஜையும் யோசிக்காமல் 1990ஐ அழைக்கவேண்டும். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். அரச ஆஸ்பத்திரியில் ஈசிஜியும் இலவசம், வார்டில் மொனிட்டர் மாட்டிப் படுக்கவைப்பதும் இலவசம். இந்த நோயில் முதல் இரண்டு மூன்று நாள் மொனிட்டரில் கிடப்பதற்கு ஈடான பரிசோதனை எந்தத் தனியார் லேப்பிலும் விற்பனைக்கு இல்லை. துடிப்பு கெடுவது எச்சரித்துவிட்டு நடக்காது. தோட்டத்து டிஸ்பென்சரியில் காட்டினால் துண்டில் மூன்று விடயம் எழுதச் சொல்லுங்கள்: காய்ச்சல் தொடங்கிய திகதி, நெஞ்சு நோவோ மூச்சு வாங்கலோ தொடங்கிய திகதி, அந்த நேரத்து நாடியும் பிரஷரும். டிக்கோயாவிலோ நுவரெலியாவிலோ பதுளையிலோ ஓபிடியில் அந்தத் துண்டு பாதி வேலையைச் செய்துவிடும்.

அவசரம் இல்லாத, ஆனால் சந்தேகம் உள்ள ஒருவர் தனியாரிடமே போகிறார் என்றால், பேக்கேஜைத் தவிர்த்து உதிரியாகக் கேட்கலாம்: ஈசிஜி, எண்ணாகத் தரும் ட்ரோபோனின், சிஆர்பி, முழு இரத்த எண்ணிக்கை, எக்கோ. அன்றைக்கே வைத்தியரை செனல் பண்ணி, காய்ச்சல் கதையை முதல் வசனமாகச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

பாதிப்பேர் அளவில் சில கிழமைகளிலேயே முழுதாகத் தேறிவிடுவார்கள். ஏறத்தாழ கால்வாசிப் பேருக்கு இதயத் தளர்ச்சி தங்கிவிடும். மிச்சப் பேர் மோசமாகி இறக்கவோ, இதயம் விரிந்து நிரந்தர நோயாளி ஆகவோ கூடும். யார் எந்தப் பக்கம் போவார் என்று முதல் நாள் சொல்ல முடியாது என்பதால்தான் கிளினிக் திகதியைத் தவறவிடக்கூடாது என்று வற்புறுத்துகிறார்கள்.

இஎஃப் குறைந்தவருக்குத் தரும் மாத்திரைகளில் எனலாப்ரில் வரட்டு இருமல் கொண்டுவரும். மலைக்குளிருக்கு இருமுகிறது என்று பாணி வாங்கிக் குடித்துக்கொண்டிருப்பார்கள், மாத்திரையைத் தாமாகவே நிறுத்துகிறவர்களும் உண்டு. கிளினிக்கில் சொன்னால் வேறு வகை மாற்றித் தருவார்கள். கர்ப்பம் தரிக்கக்கூடிய வயதுப் பெண் என்றால் எனலாப்ரில் குடிக்கும்போது கர்ப்பம் தங்கக்கூடாது, இதைக் கட்டாயம் பேசித் தீர்க்கவேண்டும். காலையில் சிறுநீர் கழித்தபின் நிறை பாருங்கள். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை அல்ல, நீர். கருவாடு, ஊறுகாய், பக்கற் நூடில்ஸ் மூன்றையும் நிறுத்தினாலே உப்பில் பெரும்பங்கு குறையும். சாராயம் அறவே கூடாது.

ஓய்வு எவ்வளவு என்பதில்தான் வீடும் தோட்டமும் முட்டிக்கொள்ளும். நெடுங்காலமாகச் சொல்லிவந்தது மூன்றிலிருந்து ஆறு மாதம். 2025 இன் ஐரோப்பிய வழிகாட்டல் குறைந்தது ஒரு மாதம் என்று தொடங்கி, ஆளுக்கு ஏற்றபடி தீர்மானிக்கச் சொல்கிறது. அது மேசை வேலைக்காரனையும் பந்து விளையாடுகிறவனையும் மனதில் வைத்தது. கொழுந்து மூட்டையை முதுகில் போட்டுச் சரிவில் ஏறுகிறவருக்கும் கவ்வாத்து வெட்டுகிறவருக்கும் பழைய கணக்கே பொருந்தும் என்பது எங்கள் பக்கம். மருத்துவச் சான்றிதழில் 'ஓய்வு' என்று மட்டும் எழுதினால் இரண்டாம் கிழமையே பேருக்கு (நாட்கூலி வேலைக்கு) கூப்பிடுவார்கள். பாரம் தூக்கக்கூடாது, ஏற்றம் ஏறக்கூடாது, இன்ன திகதி வரை என்று எழுதி வாங்குங்கள். அப்போதுதான் நாற்றுமேடையிலோ வேறு இருந்த இடத்து வேலையிலோ போட்டுப் பேராவது கிடைக்கும்.

வேலைக்குத் திரும்பும் முன் ட்ரோபோனினும் சிஆர்பியும் இறங்கியிருக்கவேண்டும், எக்கோவில் இஎஃப் சரியாகியிருக்கவேண்டும், உடம்பில் மாட்டி 24 மணி நேரம் ஈசிஜி பதியும் ஹோல்ட்டரில் துடிப்பு ஒழுங்காக இருக்கவேண்டும். இவையெல்லாம் சரி என்றான பிறகு, இதய வைத்தியர் சொன்னால், முன்பு வேண்டாம் என்று விட்ட ட்ரெட்மில்லில் ஏறலாம். அன்றைக்கு அது சரியான பரிசோதனை: ஏழாம் நிமிடத்து ஏற்றத்தில் துடிப்பு தடம் புரளாமல், பிரஷர் இறங்காமல், இறங்கிய பிறகும் சில நிமிடம் தாளில் கோளாறு எதுவும் விழாமல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பேக்கேஜாக வாங்காமல் அதை மட்டும் தனியாக எழுதி வாங்கிப் போங்கள். இறங்கிய பின்னும் ஆறு நிமிடமாவது ஒட்டுகளைக் கழற்றாமல் வைக்கச் சொல்லுங்கள்.